ஸ்ப்ளெண்டர் கேம் ஷாஃப்ட்டை வீட்டிலேயே மாத்தணும்: ஹெட்டைக் கழட்டணுமா, கூட என்னென்ன வாங்கணும்?

ஈரோடு_ஸ்பேனர் (கேள்வி)

வணக்கம். பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர் பிளஸ், 97.2 சிசி, ஓட்டம் 78,000 கி.மீ. ஹெட்டுல டிக் டிக்னு சத்தம். ஆறின எஞ்சின்ல டேப்பெட் இடைவெளி (ராக்கர் ஸ்க்ரூவுக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல) ரெண்டையும் 0.05 மி.மீ. வெச்சா அடங்குது. 300 கி.மீ. தாண்டுனா மறுபடி ஆரம்பிக்குது. கீழ் டேப்பெட் மூடியைக் கழட்டி, மொபைல் கேமராவைக் காட்டி மேக்னெட்டை (கிராங்க்கோட சேர்ந்து சுத்தற ஃப்ளைவீலை) மெதுவாச் சுத்திப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் லோபோட (கேம்ல வால்வைத் திறக்கற மேட்டோட) மூக்குல அம்மைத் தழும்பு மாதிரி குழி. இன்டேக் லோப் பளபளன்னுதான் இருக்கு.

இதுவரைக்கும் டேப்பெட், கார்புரேட்டர், கிளட்ச் பிளேட் வரை கை வெச்சிருக்கேன். ஹெட் திறந்ததில்லை. கையில ரிங் ஸ்பேனர் செட், டி ஸ்பேனர், ஃபீலர் கேஜ், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் உள்ள டார்க் ரெஞ்ச் இருக்கு.

கேட்க வேண்டியது மூணு. ஹெட்டைக் கழட்டாம கேமை உருவ முடியுமா? கேம் தவிர வேற என்ன வாங்கணும்? டைமிங் குறி வைக்கறதுல எங்கே தப்பு நடக்கும்?

---

கிக்_ஸ்டார்ட்

குழி விழுந்த கேமை மாத்தித்தான் ஆகணும், அதுல பேச்சே இல்லை. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி, அது ஏன் குழி விழுந்துச்சுன்னு பாருங்க. காரணம் அப்படியே இருந்தா புதுக் கேமும் அதே வழியில போகும்.

எக்ஸாஸ்ட் லோப் முதல்ல போறது சகஜம். ராக்கர்னா லோப் தள்ளறதை வால்வுக்குக் கடத்தற கை. இன்டேக் ராக்கர் வால்வு ஸ்பிரிங்கை மட்டும் அமுக்கினாப் போதும். எக்ஸாஸ்ட் ராக்கர் ஸ்பிரிங்கோட சேர்த்து, எரிஞ்சு முடிஞ்ச புகையோட மிச்ச அழுத்தத்தையும் எதிர்த்துத் திறக்கணும். சுமை அதிகம், சூடும் அதிகம். ஆயில் கொஞ்சம் குறைஞ்சாலும் அடி வாங்கறது அதுதான்.

இந்த எஞ்சின்ல மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குள்ள. 200 மி.லி. குறைஞ்சா அஞ்சுல ஒரு பங்கு போயிடுச்சுன்னு அர்த்தம். அதனால முதல்ல ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டுல வடிச்சு அளந்து பாருங்க. தட்டைச் சாய்ச்சு வெயில்ல காட்டுனா இரும்புத் தூள் மினுங்கும். காந்தம் வெச்சுப் பார்த்தா எது இரும்பு, எது அலுமினியம்னு தெரிஞ்சுடும்.

அடுத்தது வலது பக்கக் கிளட்ச் கவர். கிளட்ச் பிளேட் மாத்தியிருக்கீங்கன்னா அங்க சுழல்ற ஆயில் ஃபில்டரைப் பார்த்திருப்பீங்க. பேப்பர் ஃபில்டர் கிடையாது. சுழற்சியில அழுக்கைச் சுவர்ல ஒட்ட வைக்கிற கிண்ணம். ஆயில் மாத்துறப்ப யாரும் இதைத் திறக்கறதில்லை. 78,000 கி.மீ.ல உள்ளே கருப்புக் களிமண் மாதிரி இறுகிக் கிடக்கும். மரக்குச்சியால சுரண்டி, மண்ணெண்ணெய்ல கழுவுங்க. கீழே இருக்கற வலைச் சல்லடையையும் கழட்டிக் கழுவுங்க. இதைச் செய்யாம ஹெட்டைத் தொடாதீங்க.

பார்ட்ஸ்னு பார்த்தா கேமை பேரிங்கோட வாங்குங்க. ராக்கர் ரெண்டும் கட்டாயம். ராக்கர் பின், டேப்பெட் ஸ்க்ரூ, அதோட லாக் நட் எல்லாம் ரெண்டு ரெண்டு. ஹெட் கேஸ்கட், சிலிண்டருக்கு அடியில வர்ற பேஸ் கேஸ்கட், இடது பக்க வட்ட மூடியோட பேக்கிங், டேப்பெட் மூடி ஓ-ரிங், சைலன்சர் வாய் ரிங், மேனிஃபோல்டு ஓ-ரிங், வால்வு சீல். ஹெட் நட்டுக்கு அடியில வர்ற செம்பு வாஷரைத் தனியாக் கேட்டு வாங்குங்க. பாதிக் கேஸ்கட் செட்டுல அது இருக்காது. டைமிங் செயின் டென்ஷனர் ராடோட ரப்பர் முனையையும் சேர்த்துக்குங்க.

ஸ்ப்ளெண்டர், பேஷன், சிடி டீலக்ஸ் கேம் எல்லாம் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். ‘எல்லாம் ஒண்ணுதான்’னு கடையில சொன்னா நம்பாதீங்க. பழைய கேமைக் கையோட கொண்டுபோங்க. நீளம், பேரிங் விட்டம், ஸ்ப்ராக்கெட் போல்ட் துளை, லோப் ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோணம், நாலும் பொருந்தணும். சென்னைக்காரங்களுக்கு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு வழி இருக்கு. அங்கேயும் பெட்டி மேல எழுதினதைப் பார்க்காதீங்க, பொருளைப் பார்த்து வாங்குங்க.

---

லேத்_ஓரம்

மேலே சொன்னதில் ‘ராக்கர் ரெண்டும் கட்டாயம்’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

கேம் லோபும் ராக்கர் பாதமும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகியவை. இரண்டிலுமே மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே மென்மையான இரும்பு. குழி விழுந்த லோப், அரம் போல ராக்கர் பாதத்தை ஏற்கெனவே ராவியிருக்கும். அந்தப் பாதத்தைப் புதுக் கேம் மேல் உட்காரவைத்தால், பாதத்தில் உள்ள வரப்பு புதுக் கேமின் தோலைக் கீறும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், போன கடினத் தோல் வராது. லோபில் வெல்டிங் வைத்துக் கிரைண்டிங் செய்து தருகிற இடங்களும் உண்டு. கிடைக்காத பழைய வண்டிக்கு அது சரி. ஸ்ப்ளெண்டருக்குத் தேவையே இல்லை.

அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும், வெர்னியர் போதாது. லோபின் உச்சி உயரத்தை அளந்து, அதிலிருந்து அடிவட்ட விட்டத்தைக் கழித்தால் வருவது லோப் ராக்கரைத் தூக்கும் அளவு (லிஃப்ட்). பழைய எக்ஸாஸ்ட்டைப் புதிய எக்ஸாஸ்ட்டோடும், பழைய இன்டேக்கைப் புதிய இன்டேக்கோடும்தான் ஒப்பிட வேண்டும். ஒரே கேமில் உள்ள இரண்டு லோபையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள். இரண்டும் ஒரே உயரம் என்று கட்டாயமில்லை.

மைக்ரோமீட்டர் இல்லையென்றால் நகம் போதும். ராக்கர் பின்னின் நீளவாக்கில் நகத்தை இழுங்கள். ராக்கர் உட்காரும் இடத்தில் படி தட்டினால் பின் போய்விட்டது. புதுப் பின்னில் பழைய ராக்கரை மாட்டி ஆட்டிப் பார்த்தால், தேய்ந்தது பின்னா ராக்கர் துளையா என்பதும் தெரிந்துவிடும்.

இனி உங்கள் டேப்பெட் ஸ்க்ரூ. அதன் முனை, வால்வு தண்டின் தலையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் தட்டியே கிண்ணம் போலக் குழிந்துவிடும். ஃபீலர் தகடு அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் பாலம் போலப் படுத்துக்கொள்ளும், குழிக்குள் இறங்காது. குழி 0.10 மி.மீ. ஆழம் என்றால், நீங்கள் 0.05 வைக்கும்போது உண்மையான இடைவெளி 0.15. தகடு சரியாகப் பிடிக்கிறது, சத்தம் மட்டும் நிற்கவில்லை என்று புலம்புகிற பலருக்குக் காரணம் இதுதான். உங்களுக்கு வைத்த பிறகு கொஞ்ச நாள் அடங்குகிறது என்பதால் முக்கியக் குற்றவாளி லோப்தான். ஆனாலும் ஸ்க்ரூவை மாற்றாமல் விடாதீர்கள்.

---

எண்பது_டிகிரி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். ஹெட்டைக் கழட்டித்தான் செய்யுங்க. முதல் தடவைன்னா இது கட்டாயம்.

செய்முறையை ஓரளவு விரிவாவே எழுதறேன். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறி இருக்கணும். ஆயிலை வடிச்சிடுங்க. சைலன்சர், கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக் மூணும் வெளியே. பிளக் இல்லைன்னா எஞ்சின் கையால லேசாச் சுத்தும்.

இடது பக்கம் மேக்னெட் கவர்ல ரெண்டு மூடி இருக்கும். நடு மூடி வழியா டி ஸ்பேனர் போட்டு, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்துங்க. மேல் மூடி வழியா டி குறி, கவர்ல உள்ள கோட்டுக்கு நேரா வரணும். ஹெட்டோட இடது வட்ட மூடியைக் கழட்டினா கேம் ஸ்ப்ராக்கெட் தெரியும். அதுல உள்ள வட்டக் குறி, ஹெட்டுல உள்ள வெட்டுக்கு நேரா வந்தா கம்ப்ரஷன் டிடிசி, அதாவது வால்வு ரெண்டும் மூடி, பிஸ்டன் உச்சியில நிக்கற நிலை. ராக்கர் ரெண்டையும் ஆட்டினா லேசா ஆடணும். ஒண்ணு இறுக்கமா இருந்தா இன்னொரு முழுச் சுற்று சுத்துங்க. இந்த நிலையிலயே ரெண்டு குறியையும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

எஞ்சினுக்கு அடியில இடது பக்கம் டென்ஷனர் போல்ட் இருக்கு. அதைக் கழட்டினா ஸ்பிரிங் இறங்கி, செயின் தளரும். ஆயிலை வடிக்காம இதைக் கழட்டினா தரை நாசம்.

ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தளர்த்தறதுக்கு முன்னாடி, செயின் போற பொந்துல துணியை அடைச்சிடுங்க. அந்தச் சின்னப் போல்ட் ஒண்ணு உள்ளே விழுந்தா மேக்னெட் பக்கம் வரைக்கும் பிரிக்க வேண்டி வரும். துணியோட ஒரு முனை வெளியே தொங்கட்டும். துணியையே உள்ளே மறந்தவங்களும் உண்டு. ஸ்ப்ராக்கெட்டை எடுத்ததும் செயினைக் கம்பியால கட்டி, கிளட்ச் கேபிள்லயோ ஃப்ரேம்லயோ மாட்டிடுங்க. இதுக்கப்புறம் மேக்னெட்டைச் சுத்தக் கூடாது. செயின் கீழ்ப் பல்லுல சிக்கி இறுகும்.

ஹெட்டுல முன்னாடி நாலு நட் கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை செய்யறவங்க எல்லாரும் மறக்கறது, இடது ஓரத்துல ஒளிஞ்சிருக்கற 6 மி.மீ. போல்ட். அதை விட்டுட்டு நாலு நட்டை மட்டும் எடுத்தா ஹெட் வராது. வரலைன்னு ஃபின் இடுக்குல ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவாங்க. ஃபின் ஒடியும், இல்லைன்னா கேஸ்கட் முகத்துல கீறல் விழும். முதல்ல அந்தப் போல்ட். பிறகு நாலு நட்டையும் குறுக்கு மறுக்கா, கால் சுத்து கால் சுத்தாத் தளர்த்துங்க. எந்த நட்டு எந்த இடம், எந்த வாஷர் எதுக்கு அடியிலன்னு அட்டையில படம் வரைஞ்சு, அதுலயே குத்தி வையுங்க. ஒரு ஸ்டட்டைச் சுத்தித்தான் ஆயில் மேலே வருது. அந்த இடத்துச் செம்பு வாஷர் இடம் மாறினா ஆயில் வெளியே கசியும்.

ஹெட் பிடிவாதம் பிடிச்சா ரப்பர் சுத்தியலால ஓரத்துல தட்டுங்க. சிலிண்டர் கூடவே எழும்பி வரப் பார்க்கும். ஒரு கையால அதைப் பின்னுக்கு அமுக்கிப் பிடிங்க. அரை மி.மீ. எழுந்து உட்கார்ந்தாலும் பேஸ் கேஸ்கட் போச்சு. அதுக்குத்தான் அதையும் வாங்கி வைக்கச் சொன்னாங்க.

மேசையில வெச்ச பிறகு ராக்கர் பின் முனையைப் பாருங்க, உள்ளே மரை இருக்கும். 8 மி.மீ. போல்ட் ஒண்ணை நாலு மரை ஏத்தி இழுத்தா வழுக்கிட்டு வரும். வரலைன்னா போல்ட் தலைக்கு அடியில ஒரு நீள சாக்கெட்டை வெச்சு, வாஷர் போட்டு, போல்ட்டை இறுக்குங்க. பின் தானா சாக்கெட்டுக்குள்ள ஏறி வரும். பிளையர் போட்டுப் பிடிச்சா பின் காலி. இன்டேக் பின்னையும் எக்ஸாஸ்ட் பின்னையும் தனித்தனியா வையுங்க. ரெண்டு ராக்கரும் வந்ததும் கேம் ஸ்ப்ராக்கெட் பக்கமா வெளியே வரும்.

ஹெட் கையில இருக்கும்போதே வால்வைச் சோதிங்க. போர்ட்டுல மண்ணெண்ணெய் ஊத்தி அஞ்சு நிமிஷம் விடுங்க. வால்வு முகத்துல ஈரம் பரவினா லேப்பிங் (பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டோட தேய்ச்சுப் படிய வைக்கறது) வேணும். கேஸ்கட் முகத்தைச் சுரண்ட பிளாஸ்டிக் துண்டு போதும், பிளேடு வேண்டாம். ஹெட் கேஸ்கட்டுல சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது. பிதுங்கி உள்ளே போற ஒரு துளி ஆயில் துளையை அடைச்சா, நீங்க மாத்தின புதுக் கேம் ஒரு மாசம் கூடத் தாங்காது.

திரும்பப் பூட்டும்போது லோப், ராக்கர் பாதம், பின், மூணுலயும் எஞ்சின் ஆயிலும் மாலிப்டினம் கிரீஸும் சரிபாதி கலந்து தடவுங்க. வெறும் ஆயில் தடவி ஒரு வாரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா, அது அதுக்குள்ள வழிஞ்சு போயிருக்கும். கேமை உள்ளே விடும்போது லோப் மூக்கு ரெண்டும் ராக்கரைத் தொடாத பக்கம் திரும்பி இருக்கணும். ஹெட் நட்டு நாலையும் குறுக்காக, மூணு சுற்றுல, சர்வீஸ் கையேட்டுல உள்ள டார்க்குக்குக் கொண்டு வாங்க. தனியாக் குறிப்பிடாத போல்ட்டுகளுக்கு 5 மி.மீ. என்றால் 5 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ. என்றால் 10. அலுமினியத்துல இதுக்கு மேல போனா மரை உருவிக்கிட்டு வந்துடும்.

---

நாலு_கியர்

ஹெட்டை வண்டியிலேயே வெச்சுக்கிட்டு, ராக்கர் பின்னை மட்டும் இழுத்து, கேமை உருவி மாத்துற மெக்கானிக் எத்தனையோ பேர் இருக்காங்க. அரை நாள் வேலை ஒரு மணி நேரத்துல முடியும். எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

---

எண்பது_டிகிரி

நாலு_கியர், தினம் ரெண்டு ஹெட் பார்க்கறவருக்கு அது சரி. பின் இறுகி இருந்தா எவ்வளவு இழுக்கலாம்னு அவர் கைக்குத் தெரியும். இவருக்கு எக்ஸாஸ்ட் லோப் தேய்ஞ்சிருக்கு, அந்த இரும்புத் தூள் எங்கே போச்சு? ராக்கர் பின் துளை, ஸ்டட்டைச் சுத்தின ஆயில் வழி, பேரிங், எல்லாத்துலயும் இருக்கும். ஹெட் கையில இல்லாம அதை எப்படிக் கழுவுறது? வண்டியிலேயே வெச்சுக் கழுவினா அழுக்கு செயின் பொந்து வழியாக் கீழேதான் இறங்கும். 78,000 ஓடின வால்வையும் பார்த்த மாதிரி ஆச்சு.

---

ஈரோடு_ஸ்பேனர்

ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். ஆயில் வடிச்சதுல 600 மி.லி.தான் வந்துச்சு. சுழல் ஃபில்டர்ல நீங்க சொன்ன மாதிரியே களிமண். ஹெட் இறங்கி, லேப்பிங் முடிஞ்சு, புதுக் கேம், ராக்கர், பின் எல்லாம் உள்ளே போயிடுச்சு. ஹெட் நட்டும் டார்க் வெச்சாச்சு.

இப்ப சிக்கல் டைமிங்ல. மேக்னெட் குறியை நேரா வெச்சுட்டு ஸ்ப்ராக்கெட்டைப் போட்டா, வட்டக் குறி ஹெட் வெட்டுக்கு மேலே அரைப் பல் தள்ளி நிக்குது. செயினை ஒரு பல் மாத்தினா கீழே அரைப் பல் தள்ளிப் போகுது. நேரா நிக்கவே மாட்டேங்குது. கேம் தப்பானதா? செயின் நீண்டுடுச்சா?

---

லேத்_ஓரம்

எதையும் இறுக்காதீர்கள், கிக் அடிக்காதீர்கள். நீங்கள் எந்தக் குறியில் நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மேக்னெட்டில் இரண்டு குறி உண்டு. டி என்பது பிஸ்டன் உச்சி. எஃப் என்பது ஸ்பார்க் விழும் இடம், உச்சிக்குச் சுமார் 15 டிகிரி முன்னால். எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றும்போது ஜன்னலில் முதலில் வருவது எஃப்தான். அழுக்குப் படிந்த மேக்னெட்டில் ஒரு கோட்டைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 28 பல் என்றால் ஒரு பல்லுக்குக் கேமில் ஏறத்தாழ 12.9 டிகிரி, கிராங்க்கில் அதன் இரட்டிப்பு, 25.7. நீங்கள் எஃப் குறியில் நின்றால் கிராங்க் 15 டிகிரி பின்தங்கி இருக்கிறது. அது ஒரு பல்லில் பாதிக்குச் சற்று மேல். அதனால்தான் எந்தப் பல்லில் வைத்தாலும் அரைப் பல் மிச்சம் நிற்கிறது. செயின் தவறான பல்லில் ஏறியிருந்தால் குறி முழுப் பல் அளவுக்குத் தள்ளி நிற்கும். தேய்ந்து நீண்ட செயினும் குறியைத் தள்ளும், ஆனால் இவ்வளவு தள்ளாது. அப்போது ஒரே பக்கமாகச் சிறிது பின்தங்கித் தெரியும்.

துணியில் பெட்ரோல் நனைத்து மேக்னெட் விளிம்பைத் துடையுங்கள். எழுத்து தெரியும். பிளக் துளையில் ஒரு குளிர்பான ஸ்ட்ராவை விட்டுப் பிஸ்டன் உச்சியைத் தொட்டுப் பார்த்தாலும் உறுதியாகும். கம்பி வேண்டாம், பிஸ்டன் தலையைக் கீறும். ஸ்ட்ரா வெளியே வருவது நின்று, உள்ளே போகத் தொடங்கும் இடத்துக்கு நடுதான் டிடிசி. செயின் ஸ்ப்ராக்கெட்டில் இல்லாத நேரத்தில் மேக்னெட்டைச் சுற்றுவதானால், செயினைக் கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். கேமை வால்வு இரண்டும் மூடிய நிலையிலேயே விட்டுவையுங்கள். இல்லையென்றால் பிஸ்டன் போய் வால்வைத் தொடக்கூடும்.

டி குறியில் வைத்த பின், டென்ஷனர் இல்லாத பக்கச் செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து, தளர்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் தள்ளுங்கள். அதன் பிறகு ஸ்ப்ராக்கெட்டை உட்காரவையுங்கள். தளர்வு தப்பான பக்கம் இருந்தால் இப்போது குறி அழகாக நிற்கும். டென்ஷனர் போட்டதும் குறி தள்ளிப் போய்விடும். எல்லாம் பூட்டியதும் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி இரண்டு குறியையும் பாருங்கள். நடுவில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். முட்டுவதைப் பலம் போட்டுத் தாண்டினால் வால்வு வளைந்துவிடும்.

---

ஈரோடு_ஸ்பேனர்

எஃப் குறியேதான்! துடைச்சதும் பக்கத்துல டி தெரிஞ்சுது. இப்ப வட்டக் குறி வெட்டுக்கு நேரா உட்கார்ந்துடுச்சு. ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தேன், மாறலை, எங்கேயும் முட்டலை. நாளைக்கு ஸ்டார்ட். புதுக் கேமுக்கு 20 நிமிஷம் 2,500 ஆர்பிஎம்ல ஓட்டணும்னு வீடியோவுல சொல்றாங்களே, செய்யணுமா?

---

நாலு_கியர்

ஆமா, கேம் பழகறதுக்கு அது செய்யணும். ஐடில்ல விட்டா லோப் போயிடும்னு சொல்வாங்க.

---

கிக்_ஸ்டார்ட்

வேண்டவே வேண்டாம். அந்த 20 நிமிஷக் கணக்கு அமெரிக்க வி8 எஞ்சினுக்கு. அதுல கேம் பிளாக்குக்குள்ள, கிராங்க்குக்கு மேலே இருக்கும். தட்டையான டேப்பெட் நேரா லோப் மேல உரசும். கிராங்க் சுத்தறப்ப தெறிக்கற ஆயில்தான் லோபை நனைக்கணும். ஐடில்ல தெறிப்பு போதாது, அதனால உடனே 2,000க்கு மேலே கொண்டு போறாங்க. அதுலயும் தண்ணி ரேடியேட்டர், முன்னாடி ஃபேன் எல்லாம் இருக்கு.

ஸ்ப்ளெண்டர்ல பம்பு தள்ளற ஆயில் நேரா ஹெட்டுக்கு வருது. காத்துல ஆறுற எஞ்சின் இது. நின்ன இடத்துல 20 நிமிஷம் 2,500ல வெச்சா ஹெட் பொசுங்கி, புதுக் கேஸ்கட், புது வால்வு சீல் எல்லாம் வேகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளக் போடாம, 10டபிள்யூ-30 ஜாசோ எம்ஏ (ஆயில்ல முங்கின கிளட்ச் உள்ள பைக்குக்கான தரம்) ஆயில் ஊத்தி, ஒரு 30, 40 தடவை கிக் அடிங்க. காருக்கு விக்கற ஆயிலை ஊத்தாதீங்க, இதுல கிளட்ச் ஆயில்லயே முங்கி இருக்கு, வழுக்கும். மேல் டேப்பெட் மூடியை மட்டும் திறந்து பாருங்க. கீழ் மூடியைத் திறந்தா ஆயில் கொட்டும். ராக்கர்ல புதுசா ஆயில் பளபளன்னு ஊறி வரணும். நீங்க தடவின கருப்பு மாலிப்டினம் மட்டும் தெரிஞ்சா அது பம்பு ஆயில் இல்லை, ஏமாறாதீங்க. ஆயில் வராம பிளக்கைப் போடவே போடாதீங்க.

வந்தாச்சுன்னா ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் ஐடில். நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, டிப் ஸ்டிக்கைத் திருகாம சும்மா செருகி ஆயில் அளவு பாருங்க. ஹெட்டும் ஃபில்டரும் காலியா இருந்ததால அளவு இறங்கியிருக்கும், ஊத்துங்க. பிறகு ரோட்டுல எடுத்துட்டுப் போங்க, காத்து படட்டும். முதல் 300 கி.மீ.க்கு ஏத்தி இறக்கி ஓட்டுங்க, ஒரே வேகத்துல இழுக்காதீங்க. 300ல அந்த ஆயிலை வடிச்சிடுங்க. லேப்பிங் பேஸ்ட், தேய்மானத் தூள் எல்லாம் அதோட போகட்டும்.

---

ஈரோடு_ஸ்பேனர்

ரெண்டாவது கிக்குல ஸ்டார்ட். ஆயில் மேலே வந்ததைப் பார்த்துட்டுத்தான் பிளக் போட்டேன். டிக் டிக் இல்லை. ஆனா ஆக்ஸிலரேட்டரைச் சட்டுனு விடும்போது இடது பக்கம் ‘சரசர’ன்னு ஒரு சின்னச் சத்தம். இது டேப்பெட்டா?

---

எண்பது_டிகிரி

டேப்பெட் சத்தம் ஆக்ஸிலரேட்டர் விட்டாலும் பிடிச்சாலும் தாளம் தப்பாது. விடும்போது மட்டும் சரசரன்னா டைமிங் செயின். நீள ஸ்க்ரூ டிரைவர் முனையை இடது வட்ட மூடியில வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேளுங்க. அங்கே தெளிவாக் கேட்டா டென்ஷனரைக் கழட்டுங்க. ரப்பர் முனை புதுசு போட்டீங்களா, இல்லை பழசையே மாட்டிட்டீங்களா? பழசு கல்லு மாதிரி இறுகி, செயின் அழுத்தம் பட்டுத் தட்டையாகி இருக்கும். ஸ்பிரிங்கைப் புதுசோட நிறுத்தி உயரம் பாருங்க. ரெண்டும் சரின்னா செயினே நீண்டுடுச்சு, மேக்னெட் கழட்டி மாத்தணும். அது அவசரம் இல்லை, ஆனா வருஷக் கணக்குல தள்ளாதீங்க.

---

லேத்_ஓரம்

இன்னொன்று. லேப்பிங் செய்திருக்கிறீர்கள். வால்வு, சீட்டில் படிந்து உட்கார உட்கார அதன் தண்டு ராக்கர் பக்கமாக ஏறும். அப்போது டேப்பெட் இடைவெளி கூடாது, குறையும். இதுவரை சத்தம் வந்தால் டேப்பெட் பார்ப்பது பழக்கம்; இனிமேல் ஆபத்து சத்தமே இல்லாமல் வரும். 0.05 ஏற்கெனவே மிகச் சின்ன இடைவெளி. அது பூஜ்யமானால் எக்ஸாஸ்ட் வால்வு முழுவதாக மூடாது, விளிம்பு கருகிவிடும். சூடான எஞ்சினில் ஐடில் தடுமாறுவது, கிக்கில் கம்ப்ரஷன் குறைவாகத் தெரிவது இதற்கு முதல் அறிகுறி.

300 கி.மீ.யில் ஆயில் வடிக்கும் அன்றே, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு டேப்பெட்டையும் பாருங்கள். 9 மி.மீ. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடத் திரும்பும். சதுரச் சாவியால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, இறுக்கிய பிறகு தகட்டை இன்னொரு முறை விட்டுப் பாருங்கள். பிறகு 1,000 கி.மீ.யில் ஒரு தடவை.